கையால் எழுதிய முகவரி

கடைத்தெருவில் அந்த அண்ணன் தம்பிக்குப் பட்டப்பெயர் வைத்தவன் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அண்ணன் பெயர் பூட்டு, தம்பி பெயர் சாவி. பூட்டு விற்பதும் சாவி வெட்டுவதும்தான் குடும்பத் தொழில். ஆனால் அந்தப் பெயர்கள் தொழிலால் வந்தவையல்ல, குணத்தால் வந்தவை. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தால் கையும் திறக்காது, மனசும் திறக்காது. தம்பி கை வைத்தால் திறக்காதது எதுவும் இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்களும், வங்கிப் பெட்டகம் மக்கர் பண்ணினால் மேனேஜரும் தேடி வருவது தம்பியைத்தான்.

அந்தத் தம்பியின் மனைவியைப் பற்றியது இந்தக் கதை. ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள். பத்திரம், ஒப்பந்தம், நோட்டீஸ், உயில் என்று இருபது வருஷமாக அடித்துத் தேய்ந்த விரல்கள். ஊரில் பாதிப் பேருடைய உயில் அவள் விரல் பட்டு வந்ததுதான். அவள் வீட்டில் மட்டும் ஒரு வரி கிடையாது. மாதத்துக்கு ஒரு தடவையாவது புருஷனிடம் சொல்லிப் பார்ப்பாள். "எனக்கென்ன இப்ப வயசாயிடுச்சா? நாளைக்கு எழுதலாம்" என்பான். அவன் அகராதியில் நாளை என்றால் என்றைக்கும் வராத நாள் என்று அர்த்தம்.

ஒரு மதியம் யாரோ ஒருவருடைய இரும்பு அலமாரியைத் திறந்துகொண்டிருந்தபோது சாவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அலமாரி திறந்துகொண்டது. அவன் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்தொன்று.

கட்டிடம் மாமனாருடையது. கீழே கடை, மாடியில் முன்பக்கம் பெரியவன் குடும்பம், பின்பக்கம் இரண்டு அறையில் சின்னவன் குடும்பம். சாவி வெட்டும் மெஷின், வேலைப்பை, வாடிக்கைக்காரர்கள் எல்லாம் சாவி தன் உழைப்பால் சேர்த்தவை. கடையில் பாதி அவனுடையது என்று மாமனாரே பலமுறை வாயாரச் சொல்லியிருக்கிறார். சாவி போய் மூன்றாவது வாரம், பூட்டு அவள் அறை வாசலில் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மெஷின் அவனுதுன்னா, கடையில பாதி அவனுதுன்னா, காகிதம் இருக்கா? எழுதின காகிதம் இருந்தா காட்டு. வாயால சொன்னதெல்லாம் காத்தோட போச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு, ஸ்டாக் வைக்க எடம் பத்தல."

அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். கிழவர் தன் நாற்காலியில் இருந்தபடி கைநீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் எந்தச் சதையும் ஆடவில்லை.

வக்கீல் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப்படி அவளுக்கும் மகளுக்கும் உரிமை உண்டு, ஆனால் எது அவனுடையது என்று நிரூபிக்கவே வருஷக்கணக்காகும் என்றார். "இது என்னுது, இது இவளுக்குன்னு ஒரே ஒரு தாள் எழுதி வெச்சிருந்தான்னா, இன்னைக்கு அவன் அண்ணன் வாயைத் திறந்திருக்க முடியாதும்மா." அவள் ஒன்பது வயது மகளையும் இரண்டு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வெளியேறினாள்.

போனதற்கு அப்புறம் பூட்டுக்கு மூன்று கடிதம் எழுதினாள். சொந்தக்காரருக்கு டைப் அடித்து அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று கையாலேயே எழுதினாள். வேறெதுவும் வேண்டாம், மெஷினை மட்டும் கொடுங்கள், ஆள் வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சியிருந்தாள். மூன்றும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. தபால்காரர் நல்ல மனுஷன், மென்று விழுங்கிச் சொன்னார். "அவர் பிரிச்சுக்கூடப் பாக்கலம்மா. மேல இருக்கிற கையெழுத்தைப் பாத்தாரு. இந்தக் கையெழுத்துல எது வந்தாலும் திருப்பி அனுப்பிடுங்கன்னுட்டாரு."

அன்றைக்குத்தான் அவள் அழுவதை நிறுத்தினாள். அழுகை நின்ற இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதற்குப் பெயர் வஞ்சம். அதைச் சொல்ல அவளுக்கும் வெட்கமில்லை, எனக்கும் இல்லை. தினமும் வேலைக்குப் போகும்போது வேண்டுமென்றே அந்தக் கடை வழியாகத்தான் போவாள். உள்ளே தன் புருஷனுடைய மெஷின் கீச்சிடும் சத்தம் கேட்கும். கல்லாவில் பூட்டு உட்கார்ந்திருப்பார். என்றைக்காவது ஒருநாள் அந்த ஆள் இந்தக் கதவுக்கு வெளியே நிற்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

நான்கு வருஷம் கழித்து, பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பூட்டு தாமாகவே மாமனாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார்.

ஊரில் வேறு வக்கீலே இல்லை என்பதால் அல்ல. உயிலை அவள் கையாலேயே டைப் அடிக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. வக்கீல் முன்னாலேயே அதைச் சொல்லவும் செய்தார். நாளைக்கு இவள் கோர்ட்டுக்குப் போய் உயில் பொய் என்று சொல்ல முடியாதாம், அடித்தவளே இவள்தானாம். புத்திசாலித்தனம்தான். ஆனால் அதி புத்திசாலிகள் விழுகிற குழியைப் பெரும்பாலும் அவர்களேதான் வெட்டுகிறார்கள்.

உயில் சுருக்கமானது. கட்டிடமும் கடையும் பெரிய மகனுக்கு. அதோடு முடிக்கத்தான் பூட்டு நினைத்தார். ஆனால் அதுவரை வாயே திறக்காத கிழவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, பேத்திக்கு ஒரு வரியாவது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மருமகள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். பூட்டு சிரித்தார்.

"போட்டுக்கட்டும். மீதி எதுனா இருந்தா அந்தப் பொண்ணுக்கு. அப்பாவோட நாற்காலி இருக்கு, ரேடியோ இருக்கு."

வக்கீல் எல்லா உயிலிலும் எழுதுகிற மாதிரியே எழுதச் சொன்னார்: மேலே சொன்னவை போக மீதமிருப்பதும், மேலே சொன்னவற்றில் ஏதாவது செல்லாமல் போனால் அதுவும், பேத்தியைச் சேரும். அவள் அடித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. தன் மகளுக்கு மிஞ்சப்போவது ஒரு ரேடியோதான் என்று தெரிந்தே தன் விரலாலேயே அதை அடித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது.

அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடலாம், சாட்சிக்குத் தன் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள் என்றார் வக்கீல். பூட்டு ஒத்துக்கொள்ளவில்லை. குடும்ப விஷயத்துக்கு வெளி ஆள் எதற்கு, வீட்டில் வைத்துப் போட்டுக்கொண்டு வருகிறோம் என்றார். அந்த ஆள் அப்படித்தான். கடையில் விற்கிற பூட்டைக்கூட மூன்று முறை தானே பூட்டித் திறந்து பார்த்துத்தான் கொடுப்பார். தன் கண்ணையும் தன் மனைவியையும் தவிர யாரையும் நம்பியதில்லை. வக்கீல் வேறொரு கேஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால், உயிலோடு வழக்கமான அச்சடித்த தாளையும் உறையில் வைத்து, அதைக் கட்டாயம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தத் தாளில் இருப்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் சொத்து பெறுகிறவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. அந்த ஊர்ச் சட்டத்தில் அது கறாரான விதி. மீறினால் உயில் நிற்கும், ஆனால் சாட்சி போட்டவருக்கு எழுதியது மட்டும் செல்லாமல் போய்விடும்.

மறுநாள் பூட்டு உயிலைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். வக்கீல் கோர்ட்டில் இருந்தார். வந்த பத்திரத்தைப் பிரித்து, கையெழுத்துகளைச் சரிபார்த்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் அலமாரியில் வைக்க வேண்டும் என்பது அலுவலக முறை. அவள் பிரித்தாள். மாமனாரின் நடுங்கிய கையெழுத்து. கீழே சாட்சி ஒன்று, பூட்டு. சாட்சி இரண்டு, பூட்டின் மனைவி.

அவள் அந்த இரண்டு பெயரையும் மறுபடி படித்தாள். எதிரே அந்த ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னொரு பிரதி அடித்துக் கொடுத்துவிடலாம்.

"அந்த அச்சடிச்ச தாளைப் படிச்சீங்களா, அத்தான்?" என்று கேட்டாள். இருபது வருஷத் தொழில் பழக்கம் கேட்டது அது, அவள் கேட்டதல்ல.

"படிக்கிறதெல்லாம் உங்க வேலை. நீ வாங்கி வெக்கிற ஆளு. வாங்கி வெச்சுக்க."

அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வக்கீல் பதிவேட்டைப் புரட்டினார். சாட்சிகள் பத்தியில் அவள் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள், பொய்யெழுத அவளுக்கு வராது. அவர் விரல் அந்த வரியில் நின்றது.

"அட ராமா! அவரே சாட்சி போட்டிருக்காரும்மா. ஒரு லெட்டர் அடிச்சுப் பதிவுத் தபால்ல போட்டுடு. வேற ரெண்டு வெளி ஆளை வெச்சு மறுபடி கையெழுத்து வாங்கணும்னு."

சரி சார் என்றாள். நான்கு வருஷம் காத்திருந்து கைக்கு எட்டியது ஒரு சனிக்கிழமையோடு போச்சு என்று நினைத்தாள். கடிதத்தை அடித்தாள். நியாயமான, தெளிவான, மரியாதையான கடிதம். வக்கீல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவள் மடித்து உறையில் வைத்து ஒட்டினாள். முகவரி அடிப்பதற்காக உறையை டைப்ரைட்டரில் செருகினாள். முதல் எழுத்தை அடிக்கப் போன விரல் அப்படியே நின்றது.

அந்த அலுவலகத்திலிருந்து போகிற எல்லா உறையிலும் முகவரி டைப் அடித்துத்தான் போகும். அவள் உறையை வெளியே உருவினாள். பேனாவை எடுத்தாள். மெஷினைக் கொடுங்கள் என்று கெஞ்சி எழுதினாளே, அதே கையால், அதே சாய்ந்த எழுத்தில், பூட்டின் பெயரையும் முகவரியையும் அழகாக எழுதினாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். வஞ்சம் பிடித்தவளுக்கு ஒரு பேனா போதாதா?

ஐந்தாம் நாள் உறை திரும்பி வந்தது. ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதி, தேதி முத்திரை குத்தியிருந்தார். பிரிக்கப்படவில்லை. அதைக் கொண்டுபோய் வக்கீலின் மேஜையில் கவிழ்த்து வைத்தாள். முத்திரை இருந்த பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

வக்கீலுக்கு அன்றைக்குத் தலைக்குமேல் வேலை. "வாங்க மாட்டேன்னா நாம என்ன பண்றது? கோப்புல வை. சொந்தக்காரர்தானே, நேர்ல பாத்தா ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"பாத்தா சொல்றேன் சார்."

மறுநாளிலிருந்து அவள் கடைத்தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள். பின்தெருவில், சாக்கடை ஓரமாக, கால் மணி நேரம் அதிகமாக நடந்து வேலைக்குப் போனாள். மகள் காரணம் கேட்டாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாள்.

அப்படி ஒன்றரை வருஷம் நடந்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது சரிதான், ஆனால் பொறுக்கிறவர்களுக்குத் தூக்கம் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். யாராவது வேறு வக்கீல் பூட்டிடம் சொல்லிவிட்டால்? அந்த அச்சடித்த தாளை என்றைக்காவது எடுத்துப் படித்துவிட்டால்? தபால்காரரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். தப்பு செய்கிறோமா என்றும் சில சமயம் தோன்றும். அப்போது கழற்றாத அந்தச் செருப்பை நினைத்துக்கொள்வாள். தோன்றியது போய்விடும்.

மாமனார் காலமானார். சாவுக்குப் போனாள், கும்பலுக்குப் பின்னால் நின்றாள். கிழவர் முகத்தைப் பார்த்தபோது மட்டும் கண் கலங்கியது. பேத்திக்கு ஒரு வரி என்று அவர் பிடித்த பிடிவாதம் ஞாபகம் வந்தது. பூட்டு அவளருகே வந்து, வெள்ளிக்கிழமை உயில் படிக்கிறார்கள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா, நாற்காலியையும் ரேடியோவையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை பூட்டும் மனைவியும் நல்ல உடுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். வக்கீல் உயிலைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கெட்ட செய்தி என்று அவளுக்குத் தெரியும். சாட்சி விதியைச் சொன்னார். சாட்சி போட்டவருக்கு எழுதியது செல்லாது என்றார். செல்லாமல் போனது பேத்திக்கு என்று உயிலே சொல்கிறது என்றார். கட்டிடமும் கடையும் அந்தப் பெண்ணுக்கு, அவளுக்கு வயது வரும்வரை பொறுப்பு அம்மாவுக்கு.

பூட்டுக்கு முதலில் புரியவில்லை. அப்பா போட்டது உண்மையான கையெழுத்து என்றுதானே நான் சாட்சி சொன்னேன், அதற்கு எனக்கே தண்டனையா என்று கேட்டார். பிறகு குரல் உயர்ந்தது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை, இது ஏமாற்று வேலை என்றார்.

"சொன்னோமே" என்றார் வக்கீல். "கோப்பைக் கொண்டாம்மா."

அவள் கோப்பைக் கொண்டுவந்து, அந்த உறையை எடுத்துப் பூட்டின் முன்னால் வைத்தாள். வக்கீல் பிரிக்கச் சொன்னார். பூட்டின் மனைவிதான் அதை எடுத்துப் பிரித்தாள். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவள், வேறு இரண்டு சாட்சிகளை வைத்து மறுபடி கையெழுத்து வாங்குங்கள், பத்து நிமிஷ வேலைதான் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். புருஷன் பக்கம் திரும்பி, "நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க?" என்றாள்.

பூட்டு இரண்டையும் அவள் கையிலிருந்து வாங்கினார். கடிதத்தைப் பார்த்தார். உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, ஐந்தரை வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி மனைவியை நேருக்கு நேர் பார்த்தார்.

"உள்ள டைப் அடிச்சிருக்கே. வெளிய மட்டும் ஏன் கையால எழுதினே?"

அந்தக் கேள்வி அவளுக்கு இனித்தது. அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது, அவள் வேண்டியதும் அதுதான். புரியாமல் போயிருந்தால் கட்டிடம் கிடைத்தும் அவளுக்குப் பாதிச் சந்தோஷம்தான்.

"உங்களுக்கு எப்பவும் கையாலதானே எழுதுவேன், அத்தான்" என்றாள். "காகிதம் இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் கடையில இருங்க. அதுக்கப்புறம் சாவியை இங்க குடுத்துடுங்க."

அவர்கள் போனதும் வக்கீல் கொஞ்ச நேரம் அந்த உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகவரிப் பக்கத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நம்ம ஆபீசுல உறை கையால எழுதற வழக்கம் இல்லையே" என்றார்.

"அன்னைக்கு ரிப்பன் தீந்துபோச்சு, சார்."

அவர் பதிவேட்டை எடுத்து அந்தத் தேதியைத் தேடினார். அன்றைக்கு அடித்த ஆறு பத்திரங்கள் வரிசையாக இருந்தன. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். பதிவேட்டை மூடினார்.

"இனிமே ரிப்பன் தீந்தா எங்கிட்ட சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைத்தெரு வழியாகப் போனாள். பூட்டு ஷட்டருக்கு வெளியே, பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். எதிர்ச்சாரியில் நின்று கண்ணாரப் பார்த்தாள். பாவமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை. கடைக்குள்ளே மெஷினின் மேல் அவள் புருஷன் கட்டிவைத்த சிவப்புத் துணி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதாள். அழுகையோடு அவன்மேல் கோபமும் வந்தது. நாளைக்கு நாளைக்கு என்றானே, அந்த ஒரு தாளை எழுதியிருந்தால் இவளுக்கு இத்தனை கெட்ட மனசு வந்திருக்குமா?

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாகத் தன் உயிலை அடித்தாள். மெஷின் என்று எழுதினாள், வேலைப்பை என்று எழுதினாள், இரண்டு டிரங்குப் பெட்டியைக்கூட விடவில்லை. சாட்சிக்குக் கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரரையும் லிஃப்ட்காரரையும் கூப்பிட்டாள். அவர்களுக்கோ அவர்கள் மனைவிமார்களுக்கோ அதில் ஒரு குண்டூசிகூட எழுதவில்லை என்று இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு உறையை டைப்ரைட்டரில் செருகி, மகளின் பெயரை நிதானமாக டைப் அடித்தாள்.